வௌவாலின் நாலாவது கோட்

விமான மாதிரிகள் செய்கிற செலின் டீச்சரிடம் சீடராகச் சேர ஒரே ஒரு பரீட்சைதான். வந்தவரை உட்காரவைத்து, “நீங்க பாத்த ஒரு விமானத்தைப் பத்திச் சொல்லுங்க” என்பார். அவ்வளவுதான். வந்தவர் வாயிலிருந்து அழகு, கம்பீரம், பிரமாதம் என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் போதும், ஒரு டம்ளர் டீ கொடுத்து வழியனுப்பிவிடுவார். டீ மட்டும் நல்ல டீ. அதற்காகவே இரண்டாம் தடவை தோற்றுப்போக வந்தவர்கள் உண்டு.

கோயில்பிள்ளை வந்தபோது அவருக்கு வயது அறுபத்தாறு. டீச்சருக்கு நாற்பத்து மூன்று. பேரன் எடுத்த மனுஷர், பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“இடது றெக்கையில மூணாவது தகடு. அதுல ஒரு ரிவிட் ஆணி மட்டும் கோணலா இருக்கும். அடிச்சவருக்கு அன்னைக்குத்தான் கல்யாணம் நிச்சயமாச்சு. கை ஒரு நிலையில இல்ல.”

“வேற?”

“வேறன்னா நாலாயிரத்துச் சொச்சம் ரிவிட் இருக்கு. ஒவ்வொண்ணாச் சொல்லணுமா?”

“வேண்டாம். திங்கக்கிழமையிலேர்ந்து வாங்க” என்றார் டீச்சர்.

தூத்துக்குடியில் ஃபைபர் படகு செய்கிற ஒரு பட்டறையின் மாடியில் இருந்தது அவருடைய இடம். கீழே படகு தேய்க்கிற சத்தம், மேலே விமானம் தேய்க்கிற சத்தம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பேச்சு காதில் விழ வேண்டுமென்றால் சுருக்கமாகத்தான் பேச வேண்டும். டீச்சர் குறைவாகப் பேசுவதற்கு ஞானம் காரணம் என்று சில சீடர்கள் நினைத்தார்கள். பாதிக் காரணம் இந்தச் சத்தம்தான்.

அங்கே சுவரெல்லாம் போர் விமானங்கள். ஆனால் ஒன்றுகூடப் போருக்குப் போனதில்லை. றெக்கை பின்னால் சாயாமல் முன்னால் சாய்ந்த ஒன்று. தோசைக்கல்லுக்கு இன்ஜின் வைத்த மாதிரி வட்டமாக ஒன்று. வாலைத் தரையில் ஊன்றி, மூக்கை வானத்துக்குக் காட்டி, நின்ற வாக்கில் கிளம்புகிற ஒன்று. பல தேசங்களில் பல காலங்களில் ஒன்றோ இரண்டோ செய்து, பறக்கவிட்டுப் பார்த்து, வேண்டாம் சாமி என்று ஒதுக்கிவைத்தவை. டீச்சர் அவற்றைத்தான் செய்வார். எட்டில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு என்று பெரிய பெரிய மாதிரிகளாகச் செய்வார். ஒன்றுக்கு இரண்டு வருஷம், மூன்று வருஷம் ஆகும்.

ஒரு விதி உண்டு. அசலை எந்த வரிசையில் செய்தார்களோ அதே வரிசையில்தான் மாதிரியையும் செய்ய வேண்டும். உள்ளே எலும்புக்கூடு, அதன் மேல் தகடு, தகட்டின் மேல் பிரைமர், பிரைமரின் மேல் முதல் கோட் பெயிண்ட். அசலில் ஒரு பெயிண்டை மறைத்து இன்னொன்று அடித்திருந்தால் இங்கேயும் முதலில் அதை அடித்துவிட்டுத்தான் மறைக்க வேண்டும்.

“மூடினப்புறம் யாருக்கு டீச்சர் தெரியப்போகுது?” என்று புதிதாக வந்த ஒருத்தர் கேட்டுவிட்டார்.

“சரி, செய்யாதீங்க. ஆனா செய்யலைங்கிறதை எங்கிட்டயும் சொல்லாதீங்க” என்றார் டீச்சர்.

அந்த ஆள் மறுநாளிலிருந்து ஒழுங்காகச் செய்தார்.

கோயில்பிள்ளைக்கு இந்த விதி சர்க்கரை. வேலையை அரைகுறையாக விடுவது அந்த மனுஷரின் ஜாதகத்திலேயே கிடையாது. கல்யாணப் பந்தியில் தன் இலை கோணலாக இருந்தால் சரிசெய்துகொண்டு சும்மா இருக்கமாட்டார், பக்கத்து இலையையும் சேர்த்துத் திருப்பிவைப்பார். கடலோரத்தில் இருந்த ஒரு ராணுவ விமானச் சோதனைத் தளத்தில் இருபது வருஷம் பெயிண்ட் பிரிவுக்குத் தலைமைப் பெயிண்டராக இருந்தவர். அவர் கைபட்ட இடத்தில் ஒரு சொட்டு வழிந்திருக்காது, ஒரு தூசி ஒட்டியிருக்காது.

அவர் செய்ய எடுத்துக்கொண்டது அந்தத் தளத்தில் பிறந்த ஒரு விமானம். காகிதத்தில் அதற்கு வெறும் எண்தான். வாலே இல்லாமல், உடம்பு முழுக்க றெக்கையாக இருந்ததால் வேலைசெய்தவர்கள் அதை வௌவால் என்றார்கள். மூன்றே தடவை பறந்தது. மூன்றாம் தடவை கடலுக்கு மேலே போனது, திரும்பவில்லை. ஓட்டிப்போன விங் கமாண்டர் கருணாகரனும் திரும்பவில்லை. அதோடு திட்டத்தை மூடிவிட்டார்கள். யாரும் வெளியே பேசக்கூடாது என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அந்தத் தடையும் பல வருஷம் கழித்து நீங்கியது. அதற்குள் வௌவாலை நெருங்கிப் பார்த்தவர்களில் பாதிப் பேர் போய்ச்சேர்ந்துவிட்டார்கள்.

இரண்டரை வருஷம் உழைத்தார் கோயில்பிள்ளை. அசலில் எட்டில் ஒரு பங்கு. அதற்கே றெக்கை இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்கு ஆறடி வந்தது. காகிதம் போன்ற அலுமினியத் தகட்டில் ஊசிமுனையால் ஒவ்வொரு ரிவிட்டாகக் குழித்தார். அந்தக் கோணல் ரிவிட்டைக் கோணலாகவே குழித்தார். விமானியின் இருக்கையில் தோல் வார்கூட வைத்துத் தைத்தார். செலின் டீச்சர் ஒருநாள் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, “ம்” என்றார். அந்தப் பட்டறையில் அது பட்டமளிப்பு விழாவுக்குச் சமம்.

இந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு போன் வந்தது.

“கோயில்பிள்ளை அங்கிளா? நான் வசுமதி. கருணாகரன் பொண்ணு.”

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குவார்ட்டர்ஸில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளை. அப்பா போனபோது அதற்கு ஒன்பது வயது. இப்போது நாற்பது இருக்கும்.

“நீங்க வௌவாலைச் செய்றீங்கன்னு கேள்விப்பட்டேன். எங்ககிட்ட ஒரே ஒரு போட்டோதான் இருக்கு அங்கிள். முதல் தடவை பறந்த அன்னிக்கு எடுத்தது. நீங்க செய்றதை எனக்குக் குடுப்பீங்களா? அப்பா கடைசியா ஏறின அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே வேணும்.”

“உனக்குத்தான் பாப்பா. உனக்கில்லாம யாருக்கு?” என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் கடைசி நாள் என்று அவள் கேட்டது உறைத்தது. அவளிடம் இருக்கும் போட்டோவில் வௌவாலின் றெக்கை நுனி இரண்டும் ஆரஞ்சு நிறம். கடைசி நாளன்று அப்படி இல்லை. அது ஏன் என்பது உயிரோடிருப்பவர்களில் கோயில்பிள்ளை ஒருவருக்குத்தான் தெரியும்.

அதன் பிறகு அவர் வேலையில் ஒரு கோளாறு வந்தது. மற்ற எல்லாம் முடிந்துவிட்டது, றெக்கை நுனி மட்டும் முடியவில்லை. ஒருநாள் ஆரஞ்சு அடிப்பார். காய்ந்ததும் தள்ளி நின்று பார்ப்பார். இரண்டு நாள் கழித்து அதன் மேலேயே சாம்பல் அடிப்பார். அடுத்த வாரம் மறுபடி ஆரஞ்சு. டீச்சர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். வசுமதி அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்ன பிறகு, ஒரு திங்கட்கிழமை காலையில், டீச்சர் வௌவாலின் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணை மூடிக்கொண்டு றெக்கை நுனியை விரலால் தடவினார்.

“அண்ணாச்சி, இங்க நாப்பத்தாறு ரிவிட் இருக்கணும்லா?”

“ஆமா டீச்சர்.”

“ஒண்ணுகூடக் காணோமே.”

கோயில்பிள்ளையும் தடவிப் பார்த்தார். குழியெல்லாம் பெயிண்டால் நிரம்பி, நுனி வழவழவென்று சோப்புக்கட்டி போல ஆகியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் கைபட்ட வேலை அசிங்கமாக இருந்தது. காது மடல் சிவந்துவிட்டது மனுஷருக்கு.

“எத்தனை கோட்?”

“பதினொண்ணு.”

“அசல்ல எத்தனை?”

“ஆரஞ்சா, சாம்பலான்னு நீங்களே சொல்லிருங்க டீச்சர். நீங்க எதைச் சொல்லுதீங்களோ அதை அடிச்சிருதேன். எனக்கு முடியல” என்றார்.

டீச்சர் உள்ளே போய் ஒரு சட்டியில் தண்ணீரும், தேய்க்கிற வாட்டர் பேப்பர் கொஞ்சமும், பெயிண்டைக் கரைக்கிற தின்னர் டப்பாவும் எடுத்துவந்து வைத்தார்.

“தேய்ங்க. தகடு தெரியணும்.”

தேய்த்தார். ஆரஞ்சு போனது, சாம்பல் வந்தது. சாம்பல் போனது, ஆரஞ்சு வந்தது. இரண்டு மாதத்து மனக்குழப்பம் அத்தனையும் வரிசை வரிசையாகக் கரைந்து சட்டியில் சேறாக இறங்கியது. விரல் நுனி எரிந்தது. மத்தியானம் தாண்டி அலுமினியம் பளிச்சென்று கண்ணில் பட்டது. ரிவிட் குழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. எண்ணிப் பார்த்தார், இந்தப் பக்கமும் நாற்பத்தாறு, அந்தப் பக்கமும் நாற்பத்தாறு.

“இனி வரிசைப்படி வாங்க” என்றார் டீச்சர்.

அன்று சாயங்காலமே பிரைமர் அடித்தார். செவ்வாய்க்கிழமை சாம்பல். புதன்கிழமை மாஸ்கிங் டேப் ஒட்டி நுனிகளுக்கு ஆரஞ்சு. மூன்றும் காற்றைப் போல மெல்லிசாக உட்கார்ந்தன. ஒரு ரிவிட்கூட மூடவில்லை. பழைய கோயில்பிள்ளை திரும்பி வந்துவிட்டார் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

வியாழக்கிழமை காலையில் அவர் ஸ்பிரே கன்னைக் கழுவித் துடைத்து, பெட்டியில் வைத்து மூடப்போனார்.

“மூணு கோட் ஆச்சு. அடுத்தது என்ன?” என்றார் டீச்சர்.

“அவ்வளவுதான் டீச்சர்.”

“மூணோட முடிஞ்சிருந்தா நீங்க பதினொண்ணு அடிச்சிருக்க மாட்டீங்களே.”

கோயில்பிள்ளை பெட்டியைக் கீழே வைத்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கீழே படகு தேய்க்கிற மெஷின் டீ நேரத்துக்காக நின்றிருந்தது.

“தலைநகரத்துலேர்ந்து பெரிய ஆட்கள் வந்தாங்க டீச்சர். வௌவாலைப் போட்டோ பிடிக்கணும். ஆரஞ்சு இருந்தா பொம்மை மாதிரி இருக்கு, போட்டோ இடது பக்கத்துலேர்ந்துதான் எடுக்காங்க, இடது நுனியை மட்டும் மறைச்சிருங்கன்னு எங்க அதிகாரி சொன்னாரு. தண்ணி ஊத்தினா போயிருத பெயிண்டை அடிங்க, போட்டோ முடிஞ்சதும் கழுவிரலாம்னாரு.”

“அடிச்சீங்களா?”

“அடிச்சேன். தள்ளி நின்னு பாத்தேன். ஒரு பக்கம் சாம்பல், ஒரு பக்கம் ஆரஞ்சு. பாதி மொட்டையடிச்ச தலை மாதிரி இருந்துச்சு. அந்தத் தண்ணிப் பெயிண்டு நிறமும் ஒத்துவரல, திட்டுத் திட்டா நின்னுச்சு. எனக்குப் பொறுக்கல டீச்சர். யாரும் சொல்லாமலே அதைக் கழுவிட்டு, அசல் சாம்பலை எடுத்து ரெண்டு நுனிக்கும் அடிச்சேன். மேலயும் அடிச்சேன், அடியிலயும் அடிச்சேன். ஒரு இணுக்கு ஆரஞ்சு தெரியாம அடிச்சேன்.”

“ம்.”

“எல்லாரும் கையைத் தட்டினாங்க. இப்பத்தான் போர் விமானம் மாதிரி இருக்குன்னாங்க. மறுநாள் வானம் நல்லா இருந்துச்சு, வந்த ஆட்கள் முன்னாலயே ஒரு தடவை பறந்து காட்டிருவோம்னு திடீர்னு முடிவு பண்ணிட்டாங்க. திரும்ப ஆரஞ்சு அடிக்க நாலு மணி நேரம் வேணும். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாங்க. அவ்வளவு பெரிய ஆட்களை ஒரு பெயிண்டர் காக்கவைக்கிறதான்னு வாயை மூடிக்கிட்டு நின்னேன். கருணாகரன் சார் ஏறும்போது என்னைப் பாத்துச் சிரிச்சாரு. ‘கோயில்பிள்ளை, மாப்பிள்ளை மாதிரி ஆக்கிட்டீரே’ன்னாரு.”

அவர் கையை நீட்டி வௌவாலின் ஆரஞ்சு நுனியைக் காட்டினார்.

“அந்த ஆரஞ்சு எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும்லா டீச்சர்? சோதனை விமானம் எங்கயாவது விழுந்தா தேடுதவங்க கண்ணுல படணும். அதுக்குத்தான் அது. இன்ஜின் நின்னுபோச்சு, கடல்ல இறக்குதேன்னு ரேடியோவுல சொன்னாரு. இறக்கியும் இருக்காரு. தேடப் போன விமானம் நேர் மேல ரெண்டு தடவை போயிருக்கு, ஒண்ணும் தெரியலைன்னு திரும்பி வந்துட்டாங்க. சாயங்காலம் மீன்பிடிக்கப் போனவங்க சாம்பலா ஏதோ மிதக்குததைப் பாத்திருக்காங்க. திமிங்கிலம்னு பயந்து விலகிப் போயிட்டாங்க. மறுநாள் றெக்கை மட்டும் கெடச்சுது. அதுல அவரு தன்னோட இடுப்பு பெல்ட்டைக் கட்டி வச்சிருந்தாரு. ரொம்ப நேரம் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்காரு டீச்சர். ரொம்ப நேரம்.”

“விசாரணை நடந்துச்சா?”

“நடந்துச்சு. இன்ஜினைப் பத்திக் கேட்டாங்க, எண்ணெயைப் பத்திக் கேட்டாங்க. பெயிண்டரை யாரும் கூப்பிடல. நானும் போகல.”

முப்பத்தோரு வருஷமாக ஒருத்தரிடமும் சொல்லாததை, பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாததைச் சொல்லி முடித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சரின் முகத்தைப் பார்த்தார். டாக்டர் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று காத்திருக்கிறவர் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

“அவரு போனதுக்கு நாந்தான் காரணமா டீச்சர்?”

செலின் டீச்சர் எழுந்தார். பெட்டியைத் திறந்து ஸ்பிரே கன்னை எடுத்தார். சாம்பல் பெயிண்டைக் கலக்கி, வடிகட்டி, கிண்ணத்தில் ஊற்றி மூடி, அவர் கையில் கொடுத்தார்.

“நாலாவது கோட்டை அடிங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள காயணும்.”

“நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலியே.”

“போனது எங்க அப்பா இல்லியே, அண்ணாச்சி” என்றார் டீச்சர்.

அவர் கன்னைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு அடித்தார். இடது நுனி, வலது நுனி, மேலே, அடியில். ஒரு சொட்டு வழியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வசுமதி வந்தாள். டிரைவரும் அவளுமாகப் பெரிய மரப்பெட்டி ஒன்றைப் படியில் இடிக்காமல் தூக்கிவந்தார்கள். உள்ளே பஞ்சு மெத்தை வைத்து, வௌவாலின் உருவத்துக்கு வெட்டிவைத்திருந்தாள். அவளுடைய நெற்றியும் மூக்கும் அப்படியே கருணாகரன். கோயில்பிள்ளை வணக்கம் சொல்லக் கையைத் தூக்கினார்.

அவள் வௌவாலைப் பார்த்தாள். கிட்டே வர ஒரு நிமிஷம் ஆனது. வந்தவள் குனிந்து விமானியின் இருக்கையைத்தான் முதலில் பார்த்தாள். அந்தத் தோல் வாரைச் சுண்டுவிரலால் தொட்டாள். சத்தமில்லாமல் அழுதாள். டிரைவர் நல்ல மனுஷர், படியில் இறங்கிப் போய்விட்டார்.

“அம்மா இதைப் பாக்காமப் போயிட்டா அங்கிள். போன வருஷம்” என்றாள்.

“அப்படியா பாப்பா” என்றார் அவர்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு றெக்கை ஓரமாகவே நடந்தாள். நுனிக்கு வந்ததும் நின்றாள். கைப்பையிலிருந்து அந்தப் போட்டோவை எடுத்துப் பார்த்தாள்.

“இதுல ஆரஞ்சு இருக்கே?”

கோயில்பிள்ளை போட்டோவை எட்டிப் பார்த்தார்.

“ஓ, நான் கடைசி நாள்னுதானே கேட்டேன். அதுக்குள்ள மாத்திட்டாங்களா? மேல யாராவது ஆர்டர் போட்டிருப்பாங்க. இல்லையா அங்கிள்?”

ஒரு ‘ஆமா’ போதும். அதுகூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். அவள் சந்தோஷமாகப் பெட்டியை மூடிக்கொண்டு போய்விடுவாள். பாதி உண்மையும்தானே அது? கோயில்பிள்ளை டீச்சர் இருந்த பக்கம் திரும்பினார். டீச்சர் ஜன்னலோரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை. பாவி மனுஷி, ஒரு தடவை திரும்பினால் என்ன என்று அவருக்கு ஆத்திரம்கூட வந்தது.

“ஆர்டர் இடது நுனிக்கு மட்டும்தான் பாப்பா. கழுவினா போற பெயிண்டுலதான் அடிக்கச் சொன்னாங்க. மத்ததை நானா அடிச்சேன்.”

அவள் புரியாமல் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். வியாழக்கிழமை டீச்சரிடம் சொன்னபோது இருந்த அழுகை இப்போது இல்லை. ஒன்றையும் கூட்டவில்லை, ஒன்றையும் குறைக்கவில்லை. நாலு மணி நேர விஷயத்தையும் சொன்னார். மாப்பிள்ளை என்று கருணாகரன் சிரித்ததையும் சொன்னார்.

வசுமதி சுவரோரமாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எதுக்கு ரெண்டு பக்கமும் அடிச்சீங்க?”

“ஒரு பக்கம் மட்டும் பாக்க நல்லா இல்ல.”

“பாக்க நல்லா இல்ல” என்று அவள் திருப்பிச் சொன்னாள். “ஆரஞ்சு இருந்திருந்தா கண்டுபிடிச்சிருப்பாங்களா?”

“கண்டுபிடிச்சிருக்கலாம்.”

“உறுதியாச் சொல்ல முடியுமா?”

“முடியாது. மாட்டாங்கன்னும் உறுதியாச் சொல்ல முடியாது பாப்பா.”

“ரெண்டு தடவை மேல போயும் எப்படிக் கண்ணுல படாமப் போச்சுன்னு எங்கம்மா சாகுற வரைக்கும் கேட்டா. டிபன் வைக்கும்போது கேப்பா. துணி மடிக்கும்போது கேப்பா. முப்பது வருஷம். நீங்க எங்க வீட்டுக்கு வந்திருக்கீங்கல்ல? அப்பாவோட முதல் திதிக்கு வந்தீங்கல்ல?”

“வந்தேன்.”

“அம்மா கையால சாப்பிட்டீங்கல்ல?”

“சாப்பிட்டேன்.”

அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கத்தியிருந்தால், கையில் கிடைத்ததைத் தூக்கி வீசியிருந்தால், அந்த வௌவாலையே போட்டு உடைத்திருந்தால்கூட கோயில்பிள்ளைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் எழுந்து, போட்டோவைப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். டீச்சரைப் பார்த்து மட்டும் கும்பிட்டாள். டிரைவர் மேலே வந்து காலிப் பெட்டியைத் தூக்கப் போனார்.

“அது இங்கயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

கார் கிளம்பிப்போன சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமையாதலால் கீழே மெஷினும் ஓடவில்லை. பட்டறையில் அப்படியொரு அமைதியைக் கோயில்பிள்ளை கேட்டதே இல்லை. அவர் வௌவாலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். முழங்காலைக் கட்டிக்கொண்டார்.

டீச்சர் பிரஷ்களைத் துணியில் துடைத்து, ஒவ்வொன்றாக டப்பாவில் நிறுத்தினார். இரண்டு டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டுவந்தார். ஒன்றை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“உள்ளதைச் சொன்னா மனசு லேசாயிரும்னு சொல்லுவாங்க டீச்சர்.”

டீச்சர் டீயை ஆற்றினார்.

“ஆகலியே. அந்தப் பிள்ளை என்னைத் திட்டவும் இல்ல, மன்னிக்கவும் இல்ல. ரெண்டரை வருஷம் செஞ்சதைத் தொடாமப் போயிருச்சு. எல்லாத்தையும் சொல்லிட்டேனே, ஒரு வார்த்தை, ஏதாவது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா?”

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“சொல்லுததுக்கு உங்களுக்கு முப்பத்தோரு வருஷம் வேண்டியிருந்துச்சு, அண்ணாச்சி. கேட்டுக்கிட அவங்களுக்கு நீங்க அரை மணி நேரம்தான் குடுத்திருக்கீங்க.”